பிள்ளைகளோடு சைக்கிளில்: எது மக்கர் செய்கிறது, எப்படிச் சரிசெய்வது

பாதி வழியில் பிள்ளை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு “நான் வரல” என்று உட்கார்ந்துவிட்டால், சோம்பேறி, பயந்தாங்கொள்ளி என்று பெரியவர்கள் உடனே பட்டம் கொடுத்துவிடுகிறோம். பெரும்பாலும் பழி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. உரசும் பிரேக், காற்றில்லாத டயர், இறங்கிப்போன சீட், எட்டாத லீவர் என்று வண்டியில்தான் கோளாறு இருக்கும். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. அழத்தான் தெரியும். அந்த அழுகை எந்தக் கோளாறைக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்கவே இந்த வழிமுறை. உங்கள் பிள்ளை காட்டும் அறிகுறி எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள்.

வீட்டில் இருக்க வேண்டிய சாமான்கள்: 15 எம்எம் ஸ்பேனர், 4, 5, 6 எம்எம் ஆலன் கீ, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மீட்டர் வைத்த தரைப் பம்பு, இரண்டு டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் சாமான், பழைய பனியன் துணி. பெரும்பாலான வேலைக்கு இவையே போதும்.

“மிதிக்கவே முடியல”

அதிகம் கேட்கும் புகார் இது. காரணங்களும் அதிகம். அதனால் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிவிடுங்கள். பிறகு முன்சக்கரம். நல்ல சக்கரம் தானாகப் பல சுற்று ஓடி மெல்ல நிற்கும். இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றால் எதுவோ பிடிக்கிறது. காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். சுற்றுக்கு ஒரு முறை “சர்ர்” என்று வந்தால் ரிம் ஓரிடத்தில் வளைந்து அந்த இடம் மட்டும் பிரேக் கட்டையில் படுகிறது. ஸ்போக் இழுத்து நேராக்க வேண்டும், அது கடைக்காரர் வேலை. விடாமல் உரசினால் பிரேக் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வி-பிரேக் (ரிம்மின் இருபுறமும் நிற்கும் இரண்டு நீளக் கைகள் நெருங்கிப் பிடிக்கும் வகை) என்றால் அந்தக் கைகளின் அடியில் ஒவ்வொன்றிலும் சின்ன ஸ்க்ரூ இருக்கும். எந்தப் பக்கக் கட்டை ரிம்மில் ஒட்டுகிறதோ அந்தப் பக்க ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கி, லீவரை நாலைந்து தடவை அழுத்தி விட்டுப் பாருங்கள். சத்தமே இல்லாமல் சக்கரம் கனமாகச் சுற்றினால் ஆக்சில் கோன் (சக்கரத்தின் அச்சில் பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் நட்டு) அதிகம் இறுகியிருக்கிறது. புதுச் சைக்கிளிலேயே இது சாதாரணம்: பெட்டியில் வந்ததை அவசரமாகப் பூட்டித் தருவார்கள். கடைக்குக் கொண்டுபோய் “கோன் டைட்டா இருக்கு, லூஸ் பண்ணுங்க” என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

அடுத்தது காற்று. டயரின் பக்கவாட்டில் எத்தனை பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருக்கும். சிறுவர் டயர்களில் பெரும்பாலும் 20 முதல் 40 வரை. 15–25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அந்த வரம்பின் நடுப்பகுதி போதும். உச்ச அளவுக்கு அடித்தால் வண்டி குதிக்கும், கை வலிக்கும். ஆனால் 12, 16 இஞ்ச் டியூப் கொள்ளும் காற்றே கொஞ்சம்தான் என்பதால் சீக்கிரம் இறங்கிவிடும். உங்கள் வண்டிக்கு மாதம் ஒருமுறை அடித்தால், பிள்ளையின் வண்டிக்கு வாரம் ஒருமுறை பாருங்கள். ரோட்டோரக் கம்ப்ரஸரில் அடிப்பதானால் பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டு விநாடி கூடிப்போனாலும் சின்ன டியூப் வெடித்துவிடும்.

பிறகு சீட். பெடல் கீழே இருக்கும்போது பிள்ளையின் முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். பெடல் மேலே வரும்போது முழங்கால் வயிற்றை முட்டுகிறது என்றால் சீட் மிகவும் தாழ்வு. அந்த நிலையில் தொடைக்குப் பலமே கிடைக்காது. பயத்தில் தாழ்த்திய சீட்டை ஏற்ற மறந்துபோவதுதான் வழக்கம். ஒரே நாளில் ஏற்றாதீர்கள், பிள்ளை மிரளும். வாரத்துக்கு 1 செ.மீ. போதும். சீட் பாரில் ஒரு குறுக்குக் கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. பார் வளையும் அல்லது ஃப்ரேமில் விரிசல் விடும். கோடு வந்தும் கால் மடங்குகிறது என்றால் சைக்கிளே சின்னதாகிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் கனமாக இருந்தால், உண்மையிலேயே கனம்தான். நம் கடைகளில் கிடைக்கும் 16 இஞ்ச் இரும்புச் சைக்கிள் 10 கிலோ அளவில் இருக்கும். ஓட்டும் பிள்ளை 17, 18 கிலோ. தன் எடையில் பாதிக்கும் மேலான ஒன்றை அது இழுத்துக்கொண்டு போகிறது. 70 கிலோ ஆள் 40 கிலோ சைக்கிளை மிதிக்கும் கணக்கு. முன்கூடை, கேரியர், அலங்காரக் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். செயின் கவரை மட்டும் கழற்றாதீர்கள். பாவாடை, பேன்ட் நுனி, விரல் மூன்றையும் காப்பது அதுதான்.

சைடு வீல் தரும் தொல்லைகள்

பிள்ளை மிதிக்கிறது, பின்சக்கரம் அதே இடத்தில் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. சைடு வீல் இரண்டும் மேட்டில் நின்று, நடுவில் இருக்கும் பின்சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்குகிறது என்று பொருள். நம் தெருக்களில் இது சர்வசாதாரணம். மிதிப்பது மட்டும் போனால் பரவாயில்லை, பின்பிரேக்கும் போய்விடும்: தரையில் படாத சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்? சமதரையில் சைக்கிளை நேராக நிறுத்தினால் ஒவ்வொரு சைடு வீலும் தரையிலிருந்து 5 முதல் 10 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து தரையைத் தொடக் கூடாது. வண்டி லேசாக இப்படியும் அப்படியும் ஆடும், ஆடத்தான் வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கக் கம்பி வளைந்திருக்கிறது. நிமிர்த்தலாம், திரும்ப வளையும். வேகமாகத் திருப்பும்போது வெளிப்பக்கம் கவிழ்ந்தால் அது பிள்ளையின் தவறல்ல. இரு சக்கரம் வளைவின் உள்பக்கம் சாய்ந்து திரும்பும். சைடு வீல் அந்தச் சாய்வைத் தடுக்கிறது. அதனால்தான் மாதக்கணக்கில் சைடு வீலோடு ஓட்டிய பிள்ளைக்கும், அதைக் கழற்றியதும் ஒன்றும் தெரியாததுபோல் ஆகிவிடுகிறது. மிதிக்கக் கற்றிருக்கிறது, சாயக் கற்கவில்லை.

ஆகவே கழற்றும்போது சைடு வீலோடு பெடலையும் கழற்றுங்கள்.

1. வலது பெடலை 15 எம்எம் ஸ்பேனரால் வழக்கமான திசையில், கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள். இடது பெடலின் மரை நேர்மாறு: கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் இடதுபக்கம் முரட்டுத்தனமாக இறுக்கி மரையைத் தின்றுவிடுபவர்கள் நிறைய.
2. சைடு வீல் பின் ஆக்சில் நட்டோடு சேர்ந்தே பூட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றும்போது பின்சக்கரமும் தளர்ந்து முன்னுக்கு நகரும். நட்டைத் திரும்பப் போடுமுன் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, ஃப்ரேமின் நடுவில் நிறுத்தி, செயின் தொய்வைப் பார்த்து இறுக்குங்கள். சைடு வீல் கழற்றிய மறுநாளே செயின் கழன்றால் இந்த ஒரு வேலையை விட்டிருப்பீர்கள்.
3. சீட்டை, இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியும் அளவுக்கு இறக்குங்கள்.
4. கெட்டித் தரையில், கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவில், காலால் தள்ளி உருட்டச் சொல்லுங்கள். புல்தரை வேண்டாம், உருளாது. காலையில் வண்டிகள் கிளம்பிய பிறகு அபார்ட்மெண்ட் பார்க்கிங் நல்ல இடம்.

ஒரு நேரத்துக்கு 15 நிமிடம் போதும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி நேராக உருட்டும் நாளில் பெடலைத் திரும்பப் பூட்டுங்கள். ஸ்பேனரைத் தொடும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, மூன்று நான்கு சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள்.

பிடித்து ஓடுவதானால் அக்குளுக்குக் கீழே அல்லது தோளைப் பிடியுங்கள். ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள். ஹேண்டில் உங்கள் கையில் இருக்கும்வரை பிள்ளையின் உடம்பு எதையும் கற்காது.

பிரேக் இருந்தும் காலைத் தேய்த்து நிறுத்துகிறாள்

ஷூவின் முனையைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் பிரேக்கை அவள் நம்பவில்லை. லீவர் எட்டவில்லை அல்லது அழுத்த முடியவில்லை, இரண்டில் ஒன்று.

எட்டுகிறதா என்று பார்க்க: பிடியை உள்ளங்கையால் பிடித்தபடி விரலை நீட்டச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரின் மேல் வளைய வேண்டும். நுனி மட்டும்தான் தொடுகிறது என்றால் லீவரை உள்ளே கொண்டுவர வேண்டும். லீவர் ஹேண்டிலோடு சேரும் இடத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதை உள்ளே திருப்பத் திருப்ப லீவர் பிடிக்கு அருகே வரும். ஒயர் அதே அளவு தளர்ந்துவிடும் என்பதால், ஒயர் லீவருக்குள் நுழையும் இடத்திலுள்ள உருளைத் திருகை வெளியே திருப்பித் தளர்வை எடுத்துவிடுங்கள். முடிவில் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி. லீவரை முழுக்க அழுத்தினாலும் அது பிடியைத் தொடக் கூடாது.

அழுத்த முடியவில்லை என்றால் உங்கள் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். உங்கள் ஒரு விரலுக்கே கனமாக இருந்தால் பிள்ளையின் கைக்கு அது கல். பெரும்பாலும் ஒயர் உள்ளே துருப்பிடித்திருக்கும். கடற்கரை ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் பிடித்துவிடும். எண்ணெய் விட்டுச் சரிசெய்வது சில வாரத்துக்கு மட்டுமே. உள்ளே ஓடும் ஒயரையும் மேலே இருக்கும் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள். செலவு மிகச் சொற்பம், பலன் அதே நிமிடம் தெரியும்.

சோதனை: சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டே முன்பிரேக்கைப் பிடியுங்கள். சக்கரம் நின்று பின்பக்கம் எழும்ப வேண்டும். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான சைக்கிளில் வலது கை முன்பிரேக். மாற்றிப் பூட்டியதும் உண்டு, ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். பிள்ளைக்கு “முன்னால இருக்கிறதப் பிடிக்காத” என்று சொல்லித்தராதீர்கள். இரண்டையும் சேர்த்து, மெல்ல ஆரம்பித்து இறுக்கப் பழக்குங்கள். பின்பிரேக் மட்டும் என்றால் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

மழை பெய்தால் கணக்கே வேறு. மலிவான சிறுவர் சைக்கிளின் பளபளக்கும் ரிம் குரோமியம் பூசிய இரும்பு. நனைந்தால் அதில் பிரேக் பிடிப்பது மிகமிகக் குறைவு. எந்தச் சரிசெய்தலும் இதற்கு உதவாது. நனைந்த சாலையில் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள்.

பிரேக் கிறீச்சிட்டால் ரிம்மில் எண்ணெய்ப் பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் போகும்.

செயின் அடிக்கடி கழல்கிறது

செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் மொத்தம் 1 செ.மீ. இருக்கலாம். 2 செ.மீ. தாண்டினால் கழலும். பின் ஆக்சில் நட்டு இரண்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, முதலில் செயின் பக்கம், பிறகு மறுபக்கம் இறுக்குங்கள். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எந்த இடத்தில் செயின் அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்துத்தான் தொய்வை அளக்க வேண்டும். பல்சக்கரங்கள் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மண்ணை ஈர்த்துப் பசையாகும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் மலைப் பயணத்தில் செயின் விறைத்தே போகும். செயின் எண்ணெய் இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் நல்லது, கொஞ்சம் அடிக்கடி விட வேண்டிவரும். கண்ணிக்கு ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாகப் பத்துச் சுற்று, பிறகு பனியன் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்த நாளில் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு எண்ணெய்.

பஞ்சர்: ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்

ஒட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பஞ்சர் ஆனால் காரணத்தை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் அடைத்திருக்கிறீர்கள். டியூபைக் கழற்றும்போது வால்வு எந்த இடத்தில் இருந்தது என்று டயரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டையைப் பாருங்கள்.

டயர் பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் சீமைக் கருவேலம், அடுத்து நெருஞ்சி. குறியை வைத்து டயரில் அதே இடத்தைக் கண்டுபிடித்து, உள்பக்கமாகத் துணியை ஓட்டுங்கள், சிக்கும். வெறும் விரலை ஓட்டாதீர்கள். கருவேல முள் வெளியே ஒடிந்து உள்ளே மிச்சம் நிற்கும். அதை எடுக்காமல் எத்தனை ஒட்டு போட்டாலும் வீண்.

அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவு. வேகத்தடையில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக் முனை குத்துகிறது. ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்திருக்கும், மாற்றுங்கள்.

ஓட்டையே இல்லை, இருந்தும் காற்று இறங்குகிறதா? வால்வில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். குமிழ் வந்தால் பழைய முறை வால்வில் உள்ளே இருக்கும் வால்வு டியூப் வெடித்திருக்கிறது. ஒரு துண்டு ரப்பர், மாற்ற இரண்டு நிமிடம்.

ஒட்டும்போது எல்லோரும் அவசரப்படும் இடம் ஒன்று: சொல்யூஷன் தடவியதும் ஒட்டைப் போட்டுவிடுவார்கள். உப்புத்தாளால் தேய்த்து, மெல்லியதாகத் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டி அழுத்த வேண்டும்.

பின்னால் உட்காரும் குழந்தை

ஹேண்டில் ஆடுகிறது என்றால் முதலில் பின்டயர் காற்று. ஆளும் குழந்தையும் சேர்ந்த பாரத்துக்கு டயரில் அச்சிட்ட உச்ச அளவுக்கு அருகே வேண்டும். அடுத்துக் கேரியரின் போல்ட்டுகள். ஒன்று தளர்ந்தாலும் சீட் பக்கவாட்டில் ஆடி, அந்த ஆட்டம் ஹேண்டிலுக்கு வரும். பிறகு ஹேண்டிலில் தொங்கும் பை, அதை முதுகுக்கோ முன்கூடைக்கோ மாற்றுங்கள். கடைசியில் ஹேண்டில் கப் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்): முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது “டக் டக்” என்று அடித்தால் தளர்ந்திருக்கிறது.

எடை வரம்பு பற்றித் தெளிவாக இருங்கள். ஐரோப்பியத் தரநிலை இஎன் 14344-இன்படி பின்சீட் 9 முதல் 22 கிலோ வரை, முன்சீட் 15 கிலோ வரை. கேரியரிலும் அதன் வரம்பு பொறித்திருக்கும், 25 கிலோ என்பது பரவலான அளவு. சீட்டின் எடையும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை; கழுத்து அந்த அதிர்வைத் தாங்காது. தூளியில் கட்டி முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டுவதும் இதில் அடக்கம்.

நம் ஊரில் நடக்கும் பெரிய விபத்து, குழந்தையின் குதிகால் பின்சக்கரத்தில் மாட்டுவது. வெறும் குஷன் வைத்த கேரியரில் கால் வைக்க இடமே இல்லை. கால் தொங்குகிறது, தூக்கக் கலக்கத்தில் உள்ளே போகிறது. பட்டை வைத்த கால்படி, இருபுறமும் சக்கரத்தை மூடும் தகடு அல்லது நெருக்கமான வலை, இரண்டும் இல்லாமல் பின்னால் உட்கார வைக்காதீர்கள். தாயின் துப்பட்டாவும் முந்தானையும் அதே சக்கரத்துக்குள்தான் போகும். இடுப்பில் செருகி முடிந்துகொள்ள வேண்டும்.

மாட்டிவிட்டால் காலை இழுக்காதீர்கள், சக்கரத்தைப் பின்னுக்கும் சுற்றாதீர்கள். வண்டியை ஒருவர் அசையாமல் பிடிக்க, ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள் அல்லது ஸ்போக்கை வெட்டுங்கள். வெளியே வந்த காலை ஓடும் தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் மூடி, உடனே ஆஸ்பத்திரி. தோல் கிழியாமல் வெறும் சிராய்ப்பு போலத் தெரிந்தாலும் போக வேண்டும். உள்ளே நசுங்கிய திசு சில நாள் கழித்துத்தான் கறுத்து அழியத் தொடங்கும், அதுவரை ஒன்றும் தெரியாது. குதிகாலில் மஞ்சள் அப்பிக் கட்டிவிட்டு வீட்டிலேயே வைத்திருப்பது கெடுதல்.

உங்கள் சீட்டின் அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் தடித்த துணியால் சுற்றி மூடுங்கள். பின்னால் இருக்கும் குழந்தையின் விரல் நேராக அங்கேதான் போகும்.

தலை தொங்கித் தூங்கினால் அத்தோடு பயணத்தை நிறுத்த வேண்டும். பெல்ட் இறுக்கியிருந்தாலும் தொங்கும் தலையின் பாரத்தோடு ஹெல்மெட்டின் பாரமும் கழுத்தில் விழுகிறது. தூங்கும் நேரத்தை ஒட்டிக் கிளம்பாதீர்கள்.

ஏறும்போது குழந்தை கடைசி, இறங்கும்போது குழந்தை முதல். ஸ்டாண்டு போட்ட வண்டியில் குழந்தையை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டப் போவது ஒரு நொடியானாலும் கூடாது. ஸ்டாண்டு தாங்கும், குழந்தை துள்ளினால் தாங்காது.

ஹெல்மெட் நெற்றிக்கு மேலே ஏறிப்போகிறது

அளவு பெரிது அல்லது கொண்டை. தையல் டேப்பால் புருவத்துக்கு இரண்டு விரல்கடை மேலே சுற்றளவு எடுத்து, அந்த எண் பொறித்த ஹெல்மெட்டை வாங்குங்கள். “வளர்ந்தாலும் ஆகும்” என்று பெரிதாக வாங்குவது துணிக்குச் சரி, ஹெல்மெட்டுக்கு ஆகாது. உள்ளே இஎன் 1078 (ஐரோப்பியத் தரநிலை) அல்லது சிபிஎஸ்சி (அமெரிக்கத் தரநிலை) முத்திரை இருக்கிறதா பாருங்கள். முன்விளிம்புக்கும் புருவத்துக்கும் இடையே இரண்டு விரல், காதுக்குக் கீழே வார் வி வடிவில் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். உச்சிக் கொண்டை, பெரிய கிளிப், பூச்சரம் எதுவும் உள்ளே கூடாது. கழுத்துக்கு அருகே தாழ்த்திப் போட்ட ஒற்றைச் சடை சரியாக உட்காரும்.

பின்சீட்டில் சாயும்போது ஹெல்மெட் கண்ணுக்கு வந்து விழுந்தால், பின்பக்கம் தட்டையான சிறுகுழந்தை ஹெல்மெட் வேண்டும்.

பூங்காவில் இறங்கியதும் கழற்றிவிடுங்கள். சறுக்குமரத்தின் கம்பியில் ஹெல்மெட் மாட்டி, வார் கழுத்தை இறுக்கும் ஆபத்து நிஜமானது.

கொஞ்ச தூரத்திலேயே சிணுங்கல்

வெயில் என்றால் நேரத்தை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. மார்ச் முதல் ஜூன் வரை காலை ஆறுக்குக் கிளம்பி எட்டுக்குள் வீடு. தாகம் எடுத்ததும் தருவதற்குப் பதில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சில மடக்கு கொடுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் மிக நல்லது. மிதிக்கும் பிள்ளையின் சோர்வு கண்ணில் தெரியும். பின்சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தை சொல்லாது, முதுகுக்குச் சீட்டில் காற்றும் படாது. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் நிழலில் இறக்கி ஈரத்துணி போடுங்கள். வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் 108.

தூரமும் காரணமாகும். நான்கு, ஐந்து வயதுக்கு மொத்தம் 3 கி.மீ. கௌரவமான தூரம், நடுவில் இளநீர்க் கடையோ வாத்துக் குளமோ ஒன்று இருந்தால். திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எதிர்காற்றும் கணக்கில் வரும்: சென்னைக் கடற்கரையில் பிற்பகலில் கடற்காற்று எழும். காற்றுக்கு எதிராகப் போய், காற்றோடு திரும்புவதுபோல் வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறான்

நீங்கள் வலப்பக்கத்திலிருந்து கூப்பிடுவதால் இருக்கலாம். சின்னப் பிள்ளை எங்கே பார்க்கிறதோ அங்கேயே வண்டியைத் திருப்பும். பெயர் சொல்லிக் கூப்பிடாமல், “நேரா”, “நில்லு” என்று ஒற்றைச் சொல் கட்டளைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். “நில்லு” என்றதும் கேள்வி கேட்காமல் பிரேக் பிடித்துக் கால் ஊன்றும்வரை வளாகத்துக்குள்ளேயே பழக்கிவிட்டு, பிறகு சாலைக்கு வாருங்கள்.

ஒரே பெரியவர் என்றால் பிள்ளைக்குப் பின்னால், சற்று வலப்பக்கம் தள்ளி வர வேண்டும். உங்கள் முன்சக்கரம் பிள்ளையின் பின்சக்கரத்தை ஒட்டி. வண்டிகளுக்கு நீங்கள் தெரிவீர்கள், பிள்ளைக்கு இடப்பக்கம் ஒதுங்க இடம் இருக்கும். முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்ப்பது இருவருக்கும் ஆபத்து. வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கும் திறன் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. குறுக்கே கடக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், எவ்வளவு நன்றாக ஓட்டினாலும்.

வாடகைச் சைக்கிள்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை ஏறத்தாழ 5 கி.மீ. வாடகைச் சைக்கிளில் குடும்பமாகச் சுற்ற நல்ல இடம், ஆனால் காரும் குதிரையும் அதே சாலையில். பணம் கொடுக்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள்: இரு பிரேக்கும் சக்கரத்தை நிறுத்துகிறதா; முன்சக்கரத்தைக் காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினால் அது தனியாகத் திரும்பாமல் இருக்கிறதா; சீட் இறுக்கமா; பெடலில் இரண்டு பக்கமும் ரப்பர் இருக்கிறதா. சீட்டைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள். உங்கள் ஹெல்மெட்டைக் கொண்டுபோங்கள். குதிரை எதிரே வந்தால் ஓரத்தில் நிறுத்திக் கடக்கவிடுங்கள், மணி அடிக்க வேண்டாம்.

விழுந்துவிட்டால்

பிள்ளையைப் பார்த்த பிறகுதான் வண்டி. தலையில் அடிபட்டு மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கமில்லாத தூக்கம் எதுவானாலும் ஆஸ்பத்திரி. ஹேண்டில் முனை வயிற்றில் குத்தியதா என்று கட்டாயம் கேளுங்கள். வெளியே சின்ன வட்டத் தழும்புதான் தெரியும், உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையம், குடல் அடிபட்டிருக்கலாம். வலி மணிக்கணக்கில் தாமதமாக வரும். வயிறு வலிக்கிறது என்றாலோ சாப்பிட மறுத்தாலோ அன்றே ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், “ஹேண்டில் குத்திச்சு” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பிடியின் ரப்பர் கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரியும் சைக்கிளை, புதுப் பிடி போடும்வரை ஓட்டக் கொடுக்காதீர்கள்.

பிறகு வண்டி. ஹேண்டிலும் முன்சக்கரமும் ஒரே நேரில் இருக்கின்றனவா? கோணியிருந்தால் முன்சக்கரத்தைக் காலில் இறுக்கிப் பிடித்து, ஹேண்டில் போல்ட்டைத் தளர்த்தி, நேராக்கி இறுக்குங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்து, ஃபோர்க் பின்பக்கம் வளைந்திருக்கிறதா, ஃப்ரேமின் கழுத்தில் பெயின்ட் சுருங்கி வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வண்டி அன்றைக்கு உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும். வளைந்த ஃபோர்க்கைச் சூடுகாட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், புதிது போடச் சொல்லுங்கள். அடி வாங்கிய ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே தெர்மகோல் நசுங்கியிருக்கும். அதையும் மாற்றிவிட்டு, பழையதைக் குப்பையில் போடும் முன் வாரை வெட்டிவிடுங்கள், வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருக்க.